பெயர் வேண்டாம், நம்பரைச் சொல்லுங்கள்

ஆக்டேன் அதிகமான பெட்ரோலில் சக்தி அதிகம் என்று நினைக்கிறீர்களா? உங்கள் மேல் தப்பில்லை. அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் அதற்கு வேகம், பலம் என்று அர்த்தம் வருகிற பெயராகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். 100 சி.சி. பைக்கில் ஆபீஸ் போய் வருகிறவர்கூடச் சம்பளம் வந்த அன்று, ‘இன்னிக்கு நல்லதா போடுப்பா’ என்று லிட்டருக்குச் சில ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறார். வண்டிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்த திருப்தி. அந்தத் திருப்தியைத்தான் விற்கிறார்கள்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லை, பொறுமை. என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் நசுக்குகிறது. நசுக்கினால் சூடாகும். ஸ்பார்க் பிளக் பொறி வைத்த இடத்திலிருந்து தீ சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேரும் வரை ஓரத்தில் இருக்கும் கலவை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாமல் தானே வெடித்தால், தகரடப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். அதுதான் நாக்கிங். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் ஓட்டையாகும் வரை போகலாம்.

இந்தப் பொறுமைக்கு 1920-களில் மார்க் போட ஆரம்பித்தார்கள். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100. ஹெப்டேனுக்கு 0. 95 பங்கு முதலாவதும் 5 பங்கு இரண்டாவதும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோலுக்கு 95. விஷயம் இவ்வளவுதான். சக்தியைப் பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது.

நம்பவில்லையா? எத்தனாலைப் பாருங்கள். ஆக்டேன் 100-க்கு மேல். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கம்மி. மார்க் அதிகம், சத்து குறைவு! ஆக்டேன்தான் சக்தி என்றால் இது எப்படி நடக்கும்?

அப்படியானால் அதிக ஆக்டேன் யாருக்குத்தான் வேண்டும்? கலவையை அதிகமாக நசுக்குகிற என்ஜினுக்கு. இங்கேதான் டர்போ வருகிறது. புகைக்குழாய் வழியாக வீணாகப் போகும் சூடான காற்றை வைத்து ஒரு சின்னச் சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழல விட்டு, வெளிக்காற்றை என்ஜினுக்குள் திணிக்கிறார்கள். டர்போ இல்லாத ஒரு லிட்டர் என்ஜின் 70 குதிரைத்திறன் தந்தால், டர்போ மாட்டியது 100, 120 என்று தரும். ஆனால் திணித்த காற்று ஏற்கெனவே சூடு. அதைப் பிஸ்டன் வேறு நசுக்குகிறது. சாதா என்ஜினில் பேசாமல் இருந்த அதே பெட்ரோல் இங்கே பொறுமை இழக்கும்.

இது தெரியாத ரகசியமில்லை. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் வந்தது. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டப்பாவில் வைத்து என்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். அதற்கு ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று நாமகரணம். டப்பா காலியானால் கார் தானே டர்போவின் வேகத்தை அடக்கிக்கொள்ளும். வாங்கினவர்கள் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் டர்போவே வேண்டாம் என்று கழற்றிப் போட்டவர்கள் உண்டு. பெட்ரோலுக்கும் டர்போவுக்கும் உள்ள உறவை வாங்குபவருக்குப் புரிய வைக்காமல் விற்றால் இதுதான் கதி.

இன்றைய கார்களில் டப்பா கிடையாது. நாக்கிங் அதிர்வை மோப்பம் பிடிக்க ஒரு சென்சார் இருக்கிறது. பிடித்தவுடன் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதமாக விடுகிறது; காற்றழுத்தத்தையும் குறைக்கிறது. என்ஜின் தப்பித்துவிடும். ஆனால் பிக்கப்பும் மைலேஜும் குறையும். ‘டர்போன்னு சொன்னாங்க, இழுக்கவே மாட்டேங்குது’ என்று புலம்புகிறீர்களே, அதற்குப் பெட்ரோலும் ஒரு காரணமாக இருக்கலாம். மறுபக்கம், 91 போதும் என்று அமைத்த சாதா என்ஜினில் 100 ஆக்டேன் ஊற்றினால்? பொறுமைசாலிக்கு அங்கே வேலையே இல்லை. காசுதான் எரியும்.

ஆக, உங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு நம்பர்கள். உங்கள் என்ஜின் கேட்கும் ஆக்டேன் ஒன்று, பங்க் குழாயில் வரும் ஆக்டேன் இன்னொன்று. முதலாவது மேனுவலில் இருக்கிறது. பன்னிரண்டு லட்சம் கொடுத்துக் கார் வாங்கிவிட்டு அதை உறை பிரிக்காமல் டாஷ்போர்டில் வைத்திருந்தால் அது உங்கள் குற்றம். இரண்டாவது நம்பர் எங்கே?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. விலை உயர்ந்த சில பெட்ரோல்களின் பெயரிலேயே 95, 100 என்று நம்பர் இருக்கிறது. நாட்டில் பெரும்பாலானவர்கள் போடும் சாதா பெட்ரோலுக்கு? விலை பைசா சுத்தமாக ஒளிர்கிறது. ஆக்டேன் எவ்வளவு என்று குழாயில் பெரிதாக எழுதி நான் பார்த்ததில்லை. குழாய் பிடித்து நிற்கும் தம்பியைக் கேட்டால், ‘நல்ல பெட்ரோல்தான் சார்’ என்பார். அவரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

2025 ஆகஸ்ட்டில் 20 சதவீத எத்தனால் கலப்புக்கு எதிர்ப்பு கிளம்பியபோது மத்திய பெட்ரோலிய அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. முன்பு 88 ஆக இருந்த சாதா பெட்ரோலின் ஆக்டேன் பி.எஸ்.6-க்காக 91 ஆனது. 20 சதவீத எத்தனாலால் அது 95 ஆக உயர்ந்திருக்கிறது என்றது. சந்தோஷம். எத்தனால் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர வைக்கும் என்பதால் டர்போவுக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு சாதாரண கேள்வி. சாதாவே 95 என்றால், 95 என்று பெயர் போட்டதற்கு எதற்குக் கூடுதல் காசு? அதில் என்ஜினைச் சுத்தம் செய்யும் சரக்கு இருக்கிறது என்பீர்கள். சரி, அதைச் சொல்லி விற்கலாமே, ஏன் 95-ஐக் காட்டி விற்க வேண்டும்? அமைச்சகம் அறிக்கையில் சொல்லும் நம்பரைக் குழாயில் எழுத என்ன தயக்கம்?

மைலேஜ் விஷயமும் இப்படித்தான். பழைய, எத்தனால் குறைவாக இருந்த காலத்துக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-லேயே எழுதி வைத்தது. குழாயில் அதையும் காணோம்.

அமெரிக்காவில் 1970-களின் கடைசியிலேயே ஒவ்வொரு குழாயிலும் மஞ்சள் பட்டையில் ஆக்டேன் நம்பர் ஒட்ட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். விலை உயர்ந்த பெட்ரோல் பராமரிப்புச் செலவைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்த எக்ஸான் மேல் அங்குள்ள வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 1997-ல் சமரசம். ‘பெரும்பாலான கார்களுக்குச் சாதா பெட்ரோலே போதும்’ என்று அந்தக் கம்பெனியே டி.வி.யில் விளம்பரம் செய்ய வேண்டியதாயிற்று!

அதே அமெரிக்காவில்தான் பெயர் வைத்து ஏமாற்றும் வித்தையும் பிறந்தது. 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயம் கலந்த ஒரு திரவம் நாக்கிங்கை நிறுத்தும் என்று கண்டுபிடித்தார். எத்தனாலும் நிறுத்தும் என்று அவர்களுக்கு அப்போதே தெரியும். ஆனாலும் ஈயத்தைத்தான் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஈயம் விஷம் என்று ஊருக்கே தெரியுமாதலால் பெயரில் ‘ஈயம்’ வராமல் ‘ஈத்தைல்’ என்று வைத்தார்கள். 1924-ல் நியூ ஜெர்ஸி ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்த பிறகும் விற்பனை நடந்தது. இந்தியாவில் அது 2000-ல் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல். பெயரை நம்பி நூறு வருஷம் விஷத்தைச் சுவாசித்தோம். இன்றைய பெட்ரோலில் அந்த விஷம் இல்லை. பழக்கம் மட்டும் மாறவில்லை.

டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. மேனுவலில் ‘குறைந்தபட்சம்’ என்றிருப்பது கட்டளை. ‘சிபாரிசு’ என்றிருப்பது யோசனை. இரண்டையும் குழப்பாதீர்கள். வீடியோவில் அமெரிக்கர் சொல்லும் 87, நம் கணக்கில் சுமார் 91. அவர்கள் அளவுகோல் வேறு. ஐந்தாவது கியரில் 1,500 சுற்றில் மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். அந்த நிலையில் பொறி வருவதற்கு முன்பே வெடிக்கும் ஒரு முரட்டு நாக்கிங் உண்டு. அதற்கு ஆக்டேன் மட்டும் மருந்தில்லை. கியரைக் குறையுங்கள். மேனுவல் சொல்லும் ஆயிலையே ஊற்றுங்கள். 2020-ல் ஆயில் தரத்தை மாற்றியபோது இந்த வியாதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். டீசல்காரர்களுக்கு இந்தக் கதையே பொருந்தாது. அங்கே எரிபொருள் தானே பற்றிக்கொள்ள வேண்டும்.

பாக்கி வேலை கம்பெனிகளுடையது. கோடிக்கணக்கில் நடிகர்களுக்குக் கொடுத்து விளம்பரம் எடுக்கிறவர்களுக்கு ஸ்டிக்கர் அடிக்கப் பஞ்சமில்லை. ஆக்டேன் இவ்வளவு, எத்தனால் இவ்வளவு. இரண்டு நம்பர், ஒரே ஸ்டிக்கர், ஒவ்வொரு குழாயிலும். அரிசி மூட்டையில் எடை போடச் சொல்லிச் சட்டம் இருக்கிற நாட்டில் இதைக் கேட்பது பேராசை இல்லை. அதுவரை பில்லை வாங்கிக்கொண்டு, ‘இது எத்தனை ஆக்டேன்?’ என்று மேனேஜரையே கேளுங்கள். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள்.