பூவை மீட்டவர் வண்டை மறப்பதோ?

'புட்பம்' என்னும் அயற்சொல்லை அகற்றிப் 'பூ' என்னும் நற்றமிழ்ச் சொல்லை அரியணை ஏற்றியது தனித்தமிழ் இயக்கம். 1916-இல் மறைமலையடிகள் மூட்டிய அவ்வேள்வித்தீ நூறாண்டு கடந்தும் அவியவில்லை. நன்று! ஆயின், சொல் மீண்ட வீட்டில் பூ மீண்டதா? வாயிலில் செந்தமிழ்ப் பெயர்ப்பலகை. உள்ளே அடியெடுத்து வைத்தால் சுவர்முதல் சுவர்வரை பைஞ்சுதைத் தளம்! ஒரு தும்பைச் செடிக்கும் அங்கு இடமில்லை. பெயரைக் காத்துப் பொருளைப் புதைப்பதுதான் தமிழ்க்காப்போ?

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப்பெயர் வைத்தவன் தமிழன். அதனை நாடிவரும் உயிர்களுக்கு வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பலபெயர் வைத்தான். நிலத்தைக் குறிஞ்சியென்றும் முல்லையென்றும், போரை வெட்சியென்றும் தும்பையென்றும் பூவாலேயே அழைத்தான். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படுத்தினார். கண்ணால் கண்டு, கையால் பறித்து, மூக்கால் முகர்ந்தவர்க்கே அத்தனை சொற்கள் வாய்க்கும். பொருள் மறைந்தபின் சொல் அகரமுதலியில் கிடக்கும். மக்கள் நாவில் வாழாது. ஞிமிறு எதுவென்று அறியாத பிள்ளைக்கு 'ஞிமிறு' என்பதும் அயற்சொல்லே!

சிறுமலைக்கு அண்மையில், திண்டுக்கல்-மதுரைச் சாலையை ஒட்டியிருக்கும் சின்னாளப்பட்டியைக் காண்க. சுங்குடிக்கும் பட்டுச்சேலைக்கும் பெயர்பெற்ற நெசவூர் அது. நெசவாளர் வீடு என்றும் பெரிதாய் இருந்ததில்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய சுவர்கள். குழித்தறி இறக்கிய மண்தரை. அதற்கப்பால் ஒரு சிறு புறக்கடை. ஆனால் அச்சிற்றிடத்திலும் ஒரு முருங்கை நின்றது, கறிவேப்பிலை தழைத்தது, மூங்கிற்கால் நட்ட பந்தலில் புடலும் பீர்க்கும் படர்ந்தன. அம்மூங்கில் துளைக்குள் தச்சன் தேனீ குடியிருந்தது. மண்சுவரின் வெடிப்பில் கொசுத்தேனீ கூடு வைத்தது. மிதிபடாத மண்ணில் தனித்தேனீக்கள் வளைதோண்டி முட்டையிட்டன. மாந்தனுக்குக் கட்டிய வீடு நூறு உயிர்களுக்கும் வீடாயிற்று.

இற்றைநாள் கட்டுமானம் யாது செய்கின்றது? புறக்கடையைக் கற்காரையால் மூடுகின்றது. சுவரின் ஒவ்வொரு துளையையும் அடைக்கின்றது. பந்தற்காலை இரும்புக் குழாயாக்குகின்றது. 'இடமில்லை' என்பது பொய்! இடம் இருந்தது; மூடப்பட்டது.

'வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, வண்டுக்கென்ன வாழ்வு?' என்பார் உளர். வயிற்றுக்காகவே வண்டு வேண்டும் என்பதை அவர் அறியார். புடல், பாகல், பீர்க்கு, சுரை ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு. பூந்தாதைச் சுமந்துசெல்லும் உயிர் வாராவிடில் பிஞ்சு வெம்பி உதிரும். மாலையில் விரியும் வெண்ணிறச் சுரைப்பூவுக்கு அந்துப்பூச்சி வரவேண்டும். முருங்கைப் பூவுக்குத் தச்சன் தேனீ வேண்டும். கத்தரிப்பூவோ இறுகிய பையுள் தாதைப் பூட்டி வைத்திருப்பது. சிறகுத்தசையை அதிரச்செய்து அதனை உதிர்க்கவல்ல தனித்தேனீக்களே அதற்குற்ற துணை. தேன்பெட்டித் தேனீயால் அஃது இயலாது. ஓரினத்தையே நம்பியிருப்பதன் கேட்டை 1991, 1992-ஆம் ஆண்டுகள் காட்டின. அப்போது பரவிய நச்சுயிரி நோய் தென்னகத்துத் தேன்பெட்டிகளில் பெரும்பாலானவற்றை வெறுமையாக்கிற்று.

ஒழுகும் கூரைக்கும் கரையான் அரித்த சுவருக்கும் மீளுமாறு ஏழை நெசவாளனை எவரும் ஏவவில்லை. உறுதியான வீடு அவன் உரிமை. ஆனால் உறுதிக்கும் உயிர்க்கொலைக்கும் என்ன தொடர்பு? கூரை கற்காரையாகட்டும், புறக்கடையும் ஏன் கற்காரையாக வேண்டும்?

செடி வைப்போரும் என்ன வைக்கின்றனர்? இலைநிறத்துக்காகக் குரோட்டன், பகட்டுக்காகக் காகிதப்பூ. தேனின் பொருட்டு அவற்றை நாடும் தேனீ அரிது. அவற்றின் இலையுண்டு வளரும் நம் பட்டாம்பூச்சிப் புழுக்களும் அரியனவே. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவையெச்சம்போல் ஒட்டியிருக்கும் புழுவே, பின்னர்ப் பச்சைநிறங்கொண்டு, கூட்டுப்புழுவாகிப் பட்டாம்பூச்சியாய்ப் பறப்பது. அதனைக் கண்டதும் நஞ்சு தெளிப்பவன், தமிழ்நாட்டரசு 2019-இல் 'தமிழ் மறவன்' என்னும் பட்டாம்பூச்சியை மாநிலச் சின்னமாக்கியதற்கு மட்டும் பெருமை பேசுவானேன்?

செய்யவேண்டுவன பெரியவை அல்ல. வீடு கட்டுவோர் கொல்லையில் ஒரு பாயளவு மண்ணையேனும் மூடாது விடுக. மாடிச்சுவரில் பந்தல் படர்த்துக. சிறுவிரல் நுழையும் துளையும் அதனினும் குறுகிய துளையும் உடைய மூங்கில் துண்டுகளை, ஒருமுனை கணுவால் அடைபட்டிருக்குமாறு நறுக்கி, மழைபடாத இறவாணத்தில் கட்டுக. துழாய், தும்பை, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றை நடுக. கூழாங்கற்கள் இட்ட அகல்தட்டில் நீர் வைத்து, அதனை நாள்தோறும் மாற்றுக. பூத்த செடிமேல் நஞ்சு தெளியாதிருக்க.

அரசுக்கும் கடமையுண்டு. மழைநீர் அறுவடையின்றிக் கட்டடம் இல்லை என்று 2003-இல் கட்டாயமாக்கிய அரசால், மூடாத மண்ணின்றி மனையொப்பம் இல்லை என்று ஆணையிட முடியாதா? மண் திறந்திருந்தால் மழைநீரும் அதன்வழியே இறங்குமன்றோ? பேரூராட்சிகள் குரோட்டனை விட்டு நாட்டுச்செடிக் கன்றுகளை வழங்கட்டும்.

தமிழரே! நாவைத் தூய்மை செய்தீர். அந்நாவில் நின்ற சொற்களுக்கு உரிய உயிர்களை உங்கள் கொல்லைக்குள் வரவிடுங்கள். சின்னாளப்பட்டியின் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை பந்தலடியில் நின்று, 'அம்மா, இதோ தும்பி!' என்று கைகாட்டும் நாளே, அச்சொல் உண்மையாக மீண்ட நாள்.