மிளகின் ஜாதகம்

சமையலறை அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் மிளகு வயநாட்டில் விளைந்ததா, மாத்தளையில் விளைந்ததா, வியட்நாமில் விளைந்ததா என்று நாம் விசாரிப்பதில்லை. ரஸம் காரமாயிருந்தால் போதும். சுங்க அதிகாரிக்கோ அந்த விசாரணைதான் உத்தியோகம்.

இந்தியாவும் இலங்கையும் 1998-ம் வருஷக் கடைசியில் செய்துகொண்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் அமுலுக்கு வந்தது. அதன்படி இலங்கை மிளகு வருஷத்துக்கு 2,500 டன் வரை வரியின்றி இங்கே வரலாம். அதற்கு மேற்பட்டால் தெற்காசிய ஒப்பந்தப்படி நூற்றுக்கு 8. வியட்நாம் மிளகுக்கோ 2017-ல் நூற்றுக்கு 50-க்கு மேல் வரி இருந்தது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாயிருந்தால் கள்ள ஜாதகம் எழுத ஆள் கிடைக்காமலா போவான்?

தொழிற்சாலைச் சரக்கானால் சிக்கல் இன்னும் அதிகம். வேற்று நாட்டுப் பாமாயில் இலங்கையில் வனஸ்பதியாக மாறி இங்கே வந்த கதை நேயர்களிற் சிலருக்கு ஞாபகமிருக்கலாம். மதிப்பில் நூற்றுக்கு 35 பங்கு அங்கே சேர்ந்தால் போதும் என்பது விதி. 35 சேர்ந்ததா என்பது கணக்குப்பிள்ளையின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. மிளகில் அந்தத் தர்க்கத்துக்கே இடமில்லை. இலங்கை மண்ணில் காய்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2017-ல் விலை சரிந்தபோது, வியட்நாம் மிளகு இலங்கைப் பத்திரத்துடன் வருகிறதென்று குடகிலும் வயநாட்டிலும் கொடிக்காரர்கள் கூக்குரலிட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் சர்க்கார் இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை விதித்தது. அவசரத்துக்கு அது வேண்டியதே. ஆனால் அந்தச் சுவர் திருடனையும் விருந்தாளியையும் ஒன்றாகவே தடுத்தது. மாத்தளையில் உண்மையாகவே கொடி வளர்த்து மிளகு பறிப்பவன் செய்த பிழை என்ன?

2020 செப்டம்பரில் வந்த சுங்க விதிகள் மேலானவை என்பது நம் அபிப்பிராயம். இப்போது பத்திரத்தைக் காட்டினால் மாத்திரம் போதாது. சரக்கு எங்கே, எப்படி உண்டாயிற்று என்ற விவரத்தை இறக்குமதியாளரே வைத்திருந்து, கேட்டபோது கொடுக்க வேண்டும். கேட்க ஆள் வேண்டுமே என்பதுதான் நம் கவலை. துறைமுகத்தில் மூட்டைகள் குவிந்திருக்கும் நேரத்தில் யார் நின்று கேட்பார்கள்?

பால்காரன் வீட்டுப் பசு எத்தனை படி கறக்கும் என்று அறிந்த இல்லத்தரசிக்கு, அவன் எத்தனை படி விற்கிறான் என்பதும் தெரிந்தால் போதும். மீதி தண்ணீர் என்று சொல்லிவிடுவாள். இலங்கையில் அந்த வருஷம் விளைந்த மிளகு எவ்வளவு, அங்கே கொடுத்த பிறப்புப் பத்திரங்களில் கண்ட மிளகு எவ்வளவு என்ற இரண்டு தொகைகளையும் அறுவடைதோறும் இரு சர்க்கார்களும் பகிரங்கமாக வெளியிடட்டும். இதற்குப் புது ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை.