தொங்கும் கட்டிலுக்கும் தரச் சோதனை வேண்டும்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் என்ற கிரானைட் பாறை ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. அதில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு உச்சியைத் தொட மூன்று, நான்கு நாளாகும். சில தடங்களில் ஒரு வாரமும் போதாது. பொழுது சாய்ந்தால் படுக்க இடம் வேண்டுமே! காலை நீட்ட ஒரு திட்டுகூட இல்லாத இடங்களில், தங்களோடு இழுத்து வந்த கட்டிலைப் பாறையில் மாட்டித் தொங்கவிட்டு அதில்தான் தூங்குகிறார்கள். போர்ட்டாலெட்ஜ் என்று அதற்குப் பெயர்.

2014 டிசம்பர் கடைசியில் டாமி கால்ட்வெல்லும் கெவின் ஜோர்கசனும் அதே பாறையின் ‘டான் வால்’ பகுதியில் ஏறத் தொடங்கினார்கள். 2015 ஜனவரி 14 அன்று உச்சியை அடையும்வரை 19 நாள் அவர்களுக்குத் தொங்கும் கட்டில்தான் வீடு. அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம், அங்கிருந்தபடியே செய்தியாளர்களோடு தொலைபேசிப் பேச்சு. அங்கே எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் பரவின. இன்று அமெரிக்காவின் எஸ்டெஸ் பார்க் போன்ற இடங்களில், பாறையேற்றம் தெரியாத சுற்றுலாப் பயணிகளும் பணம் கட்டி ஓர் இரவு அப்படித் தொங்கிவிட்டு வரலாம்.

இந்தப் படங்களில் பெரும்பாலும் வானம் தெளிவாக இருக்கும். தெளிந்த வானத்தின் கீழ் எந்தக் கட்டிலும் நல்ல கட்டில்தான். ஒரு நாள் முழுக்க மழை, அதன்மேல் பனி, கூடவே காற்று என்று வரும்போது உள்ளே இருப்பவர்களை அது உயிரோடு வைத்திருக்குமா? விலை கொடுத்து வாங்குகிறவருக்கு இதற்குப் பதில் சொல்லும் பொதுச் சோதனை எதுவும் இல்லை. அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

கட்டிலின் அமைப்பு எளிமையானது. கழற்றிப் பூட்டக்கூடிய அலுமினியக் குழாய்கள் சேர்ந்து ஒரு செவ்வகச் சட்டமாகின்றன. அதன்மேல் கெட்டியான நைலான் துணி. சட்டத்தின் மூலைகளிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் நாடாக்கள் மேலே போய் ஒரே புள்ளியில் சேர்கின்றன. அந்தப் புள்ளியைப் பாறையில் உள்ள ஆங்கர் என்ற பிடிப்பில் மாட்டிவிட்டால் கட்டில் தொங்கும். ஒவ்வொரு நாடாவிலும் உள்ள பக்கிளை இழுத்தும் தளர்த்தியும் மட்டம் பார்த்துக்கொள்ளலாம். மழை வந்தால் மேற்புள்ளியிலிருந்து ஒரு மழைவிரிப்பு இறங்கிச் சுற்றிலும் மூடிக்கொள்ளும். இருவர் படுக்கும் கட்டிலும் விரிப்பும் சேர்ந்தால் 8 முதல் 10 கிலோ வரை வரும்.

சொல்வதற்குத்தான் எளிது. இருட்டில், இடுப்பு வாரில் தொங்கிக்கொண்டு, விறைத்த விரல்களால் கடைசிக் குழாயைக் கடைசி மூலைக்குள் செருகுவது பெரும் போராட்டம். துணி விறைப்பாக இருக்க வேண்டுமானால் சட்டம் அதற்குள் திணிந்து உட்கார வேண்டும். எளிதில் பூட்டும்படி துணியைத் தளர்வாகத் தைத்தால், பழைய நாடாக் கட்டிலைப் போல நடுவில் தொய்ந்து இருவரையும் ஒருவர்மேல் ஒருவராக உருட்டிவிடும். இந்த விறைப்புக்கும் அந்த எளிமைக்கும் நடுவில் சரியான அளவைப் பிடிப்பதுதான் வடிவமைப்பாளரின் முதல் வேலை. மூலையில் உள்ள இணைப்பு கொஞ்சம் ஆடினாலும் முழுச் சட்டமும் முறுக்கிக்கொள்ளும். ஒருவர் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்தாலே கட்டில் சாய்ந்துவிடும்.

தொங்கும் கட்டில் வருவதற்கு முன் தூளிகள்தான் இருந்தன. 1964ல் ராயல் ராபின்ஸ், சக் பிராட், டாம் ஃப்ராஸ்ட், இவான் ஷுனார்ட் ஆகிய நால்வரும் எல் கேப்பிட்டனின் நார்த் அமெரிக்கா வாலில் முதன்முதலாக ஏறியபோது திட்டில்லாத இடங்களில் தூளியில்தான் தூங்கினார்கள். தூளி கனமில்லாதது, சுருட்டினால் கைக்குள் அடங்கும். ஆனால் தோள்கள் இரண்டையும் சேர்த்து நெருக்கும். உடம்பின் ஒரு பக்கம் இரவெல்லாம் குளிர்ந்த பாறையோடு உரசிக்கொண்டே இருக்கும். புரண்டு படுக்க முடியாது.

தூளியின் கொடுமையை இந்திய இமயமும் கண்டிருக்கிறது. உத்தராகண்டின் சாங்கபாங் சிகரம் 6,864 மீட்டர் உயரம். 1976ல் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் போர்ட்மனும் ஜோ டாஸ்கரும் அதன் மேற்குச் சுவரில் ஏற வந்தார்கள். வருவதற்கு முன், உறைந்த உணவுப் பொருள்களை வைக்கும் சால்ஃபோர்டு நகரக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் தூளி கட்டித் தூங்கிப் பார்த்தார்கள். அந்த அக்கறையைப் பாராட்டத்தான் வேண்டும். கிடங்கில் குளிர் இருந்தது. காற்று இல்லை, மேலிருந்து பொடியாகச் சரியும் பனியும் இல்லை. மலையில் தூளியில் கழித்த இரவுகள் அவர்களைச் சக்கையாகப் பிழிந்தன. அக்டோபர் 15 அன்று இருவரும் சிகரத்தை அடைந்தது அவர்களுடைய மன உறுதியால். தூளி அதற்குப் பெரிதாக உதவவில்லை.

புயலில் தூளி என்னவாகும் என்று பார்க்க, யோசெமிட்டியின் இன்னொரு பெரும் பாறையான ஹாஃப் டோமுக்கு வருவோம். அதன் தெற்கு முகம் எல் கேப்பிட்டனின் முன்சாய்ந்த பகுதிகளைப் போல இல்லை, சற்றே பின்சாய்ந்தது. முன்சாய்ந்த பாறையில் மழை ஏறுபவருக்கு வெளியே விழுந்துவிடும். பின்சாய்ந்த பாறையிலோ மேலே பெய்த மழை முழுவதும் பாறையோடு ஒட்டி வழிந்து, நேராகப் படுத்திருப்பவரின் முதுகுக்கு வரும்.

1968ல் வாரன் ஹார்டிங்கும் கேலன் ரோவலும் இந்த முகத்தில் ஏறினார்கள். ஹார்டிங் தாமே உருவாக்கிய, மூடி வைத்த தூளிகளை எடுத்துப் போயிருந்தார். ‘பேட் டென்ட்’ என்று பெயர் வைத்திருந்தார். புயல் வந்தது. தண்ணீர் புகாத துணி, உள்ளே புகுந்துவிட்ட தண்ணீரை வெளியேயும் விடவில்லை. நனைந்த உடையோடு, குளத்துக்குள் கிடப்பதுபோல் கிடந்தார்கள். கடைசியில் ராயல் ராபின்ஸ் ஹெலிகாப்டரில் உச்சிக்குப் போய், அங்கிருந்து கயிற்றில் இறங்கி வந்து அவர்களைக் காப்பாற்றினார். 1970ல் அதே முகத்தை இருவரும் ஏறி முடித்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் ஹார்டிங், டீன் கால்ட்வெல்லோடு சேர்ந்து டான் வாலில் 27 நாள் இருந்தார். இடையில் புயல் அடித்தபோது, மீட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எழுபதுகளில் கிரெக் லோவ் போன்றவர்கள் சட்டம் வைத்த தொங்கும் கூடாரங்களைச் செய்து பார்த்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மைக் கிரஹாம் மடித்துக் கட்டி எடுத்துப் போகும் கட்டிலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தூக்கத்தின் சிக்கல் தீர்ந்தது. தோள் நெருங்கவில்லை, முதுகை நீட்ட முடிந்தது. புயலின் சிக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

அது 1986 மார்ச்சில் வெளிப்பட்டது, அதே ஹாஃப் டோம் தெற்கு முகத்தில். ஜான் மிடன்டார்ஃப், மைக் கார்பெட், ஸ்டீவ் பாஸ்க் மூவரும் பாதிப் பாறையில் புயலில் மாட்டினார்கள். தண்ணீர் வழிந்தது, பிறகு பனி. கட்டில்கள் தாங்கவில்லை, சட்டங்கள் உடைந்தன, உறங்குபைகள் ஊறின. சாவின் விளிம்பில் இருந்தவர்களை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. ஹார்டிங்கும் ரோவலும் மாட்டி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாறையும் அதுதான், தண்ணீர் வந்த வழியும் அதுதான். முதல் விபத்து சொன்ன பாடம், பொருளைச் செய்கிறவர்களின் பட்டறைக்குப் போய்ச் சேரவே இல்லை.

மிடன்டார்ஃப் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். இயந்திரவியல் படித்த அவர் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் ஏ5 என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். உடைந்த சட்டத்துக்குப் பதில் விறைப்பான சட்டம். புயலில் கட்டிலை முழுக்க மூடி நிற்கும் மழைவிரிப்பு. வடிவமைப்பவரே அதில் படுத்து நனைந்தவர் என்பதால் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாடாக்கள் விரிப்புக்குள் நுழையும் துளையைப் பாருங்கள். நைலான் நாடா தண்ணீரைத் திரிபோல உறிஞ்சி உள்ளே கொண்டுவரும்; அந்தத் துளையை மூடாமல் விரிப்பின் தையல்களை மட்டும் எத்தனை முறை ஒட்டினாலும் படுக்கை நனையும். காற்றும் அப்படித்தான். அது கீழிருந்தும் வரும். அடியில் இழுத்துக் கட்ட வழியில்லாத கட்டிலைத் தூக்கித் தூக்கிப் பாறையில் மோதும். சட்டம் உடைவது பெரும்பாலும் படுத்திருப்பவரின் எடையால் அல்ல, இந்த மோதலால்.

1992ல் மிடன்டார்ஃபும் சுவிட்சர்லாந்தின் சாவர் பொங்கார்டும் பாகிஸ்தானின் கிரேட் டிராங்கோ கோபுரத்தின் கிழக்கு முகத்தில் ‘கிராண்ட் வோயேஜ்’ தடத்தைத் திறந்தார்கள். ஏறவும் இறங்கவும் சேர்த்து 18 நாள். மிடன்டார்ஃப் தாம் செய்த கட்டிலில் தாமே தொங்கினார். இதைவிட நேர்மையான சோதனையைக் கேட்க முடியாது. பிற்காலத்தில் இந்தக் கருவிகளின் வரலாற்றையும் தம் வடிவமைப்பு விவரங்களையும் யாரும் படிக்கும்படி அவர் விரிவாக எழுதி வைத்தார். 2024ல் காலமானார். ஒரு தனி மனிதரின் அக்கறையால் கிடைத்த இந்த அறிவு, அவரோடு நின்றுவிடாமல் துறையின் பொது விதியாக வேண்டாமா?

பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யூ.ஐ.ஏ.ஏ. 1960களிலிருந்தே கயிறுகளைச் சோதித்துத் தர முத்திரை கொடுத்து வருகிறது. கயிற்றை மாட்டும் கராபினர் வளையம், ஹெல்மெட், இடுப்பு வார் எல்லாவற்றுக்கும் தர அளவுகள் உண்டு. தொங்கும் கட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குச் சொல்லப்படும் நியாயம் புரியக்கூடியதுதான். தூங்கும்போதும் ஏறுபவர் தனிக் கயிற்றால் ஆங்கரோடு கட்டப்பட்டிருப்பார். கட்டில் அறுந்தாலும் அவர் கீழே விழ மாட்டார். ஆகவே அது படுக்கை, உயிர்காக்கும் கருவி அல்ல.

ஆனால் 2004 அக்டோபரில் எல் கேப்பிட்டனின் ‘நோஸ்’ தடத்தில் இரண்டு ஜப்பானியர்கள் பனிப்புயலில் இறந்தார்கள். அவர்கள் கீழே விழவில்லை. குளிர் அவர்களைக் கொன்றது. பெரும் பாறைகளில் கயிறு காக்கும் உயிர் எவ்வளவு முக்கியமோ, காய்ந்த படுக்கை காக்கும் உயிரும் அவ்வளவு முக்கியம். நனைந்த உடம்பிலிருந்து வெப்பம் மளமளவென்று வெளியேறும்போது, அந்த மழைவிரிப்பு ஹெல்மெட்டுக்கு நிகரான பாதுகாப்புக் கருவி. அதற்கும் அதே கறார் வேண்டும்.

இப்போது சந்தையில் போட்டி எடையைக் குறைப்பதில்தான். குழாய்களே இல்லாமல் காற்றடைத்து விறைப்பாக்கும் கட்டில்களும் வந்துவிட்டன. இது நல்ல முயற்சி. நாள் கணக்கில் நடந்து இமயத்தின் சுவருக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம்தான். ஆனால் கிராம் கணக்கைத் தராசில் வைத்து எவரும் சரிபார்க்கலாம். புயலில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை வாங்குகிறவர் எப்படிச் சரிபார்ப்பார்? அளக்கக்கூடியது விளம்பரமாகிறது, அளக்கப்படாதது பாறையில் தெரியவருகிறது.

சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. பின்சாய்ந்த ஒரு சிமென்ட் சுவர் போதும். மேலிருந்து குழாய்த் தண்ணீரை ஓரிரவு முழுக்க வழியவிட்டு, உள்ளே வைத்த உறங்குபையை மறுநாள் காலை எடை போட்டால் எவ்வளவு தண்ணீர் புகுந்தது என்று தெரிந்துவிடும். மணல் மூட்டைகளை ஒரே ஓரத்தில் ஏற்றிச் சட்டத்தின் சாய்வை அளக்கலாம். கீழிருந்து தூக்கித் தூக்கிச் சுவரில் மோதவிட்டு, மூலை இணைப்பு எத்தனையாவது மோதலில் விரிகிறது என்று எண்ணலாம். கட்டில்களைச் செய்பவை பெரும்பாலும் சிறிய பட்டறைகள், செலவு கட்டாது என்பார்கள். அதனால்தான் கூட்டமைப்பு ஒரே முறையை வகுத்துத் தர வேண்டும். ஆளுக்கொரு முறை கண்டுபிடிக்கும் செலவு மிச்சமாகும். தேர்வா தோல்வியா என்ற முத்திரைகூட வேண்டாம், அளவுகளை அச்சிட்டுத் தந்தாலே போதும்.

கட்டில் உடைந்தபின் என்ன செய்வது என்பதும் இந்த அளவுகோலில் இடம்பெற வேண்டும். கங்கோத்ரிக்கும் கோமுக்குக்கும் மேலே, தபோவனத்துக்குப் போகும் நம்மூர் யாத்ரீகர்களும் அண்ணாந்து பார்க்கும் மேரு சிகரத்தின் ‘ஷார்க்ஸ் ஃபின்’ முகத்தில், 2008ல் கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின், ரெனான் ஓஸ்டர்க் மூவரும் ஏறினார்கள். ஒரு வாரச் சாப்பாட்டோடு போனவர்கள். புயலில் நாள் கணக்கில் தொங்கும் கட்டிலுக்குள் அடைந்து கிடந்து, உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழேயிருந்து திரும்பினார்கள். 2011ல் மறுபடி வந்தபோது சுவரின் நடுவில் கட்டிலின் குழாய் முறிந்துபோனது. பனியில் திருகி இறக்கும் ஐஸ் ஸ்குரூக்களை முறிந்த எலும்புக்குச் சிம்பு வைப்பதுபோல் வைத்துக் கட்டி, அதிலேயே தூங்கி, அந்த ஆண்டு உச்சியை அடைந்தார்கள். கையில் அந்த ஸ்குரூக்கள் இருந்ததால் தப்பித்தார்கள். ஐஸ் ஸ்குரூவுக்கு வேலையே இல்லாத வெறும் பாறைச் சுவரில் அதே குழாய் முறிந்திருந்தால்? முறிந்த குழாயின்மேல் மாட்ட ஒரு சாண் நீளமுள்ள அலுமினிய உறை, நான்கு ரிவெட்டுகள், ஒரு சுருள் நாடா. கட்டிலோடு வரும் பையிலேயே தயாரிப்பாளர்கள் இவற்றைப் போட்டுத் தரலாம். 200, 300 கிராம் கூடும், அவ்வளவுதான்.