கேடி என்றால் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீட்டில் பெண் பார்க்கும் நிகழ்ச்சி. பெண்ணின் தாய்மாமன் பையனைப் பார்த்து, "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். பையன் ஒளிக்காமல், "கோல்ஃப் மைதானத்துல கேடிங்க" என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு. பெண்ணின் பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "கேடியா? அதை வாய்விட்டு வேற சொல்றானே!" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். சம்பந்தம் அத்தோடு நின்றது. நானும் அங்கே இருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. நம் தமிழில் கேடி என்றால் போலீஸ் ஏட்டில் பெயர் ஏறிய போக்கிரி. அந்தப் பையனோ வெயிலில் பத்துக் கிலோவுக்கு மேலான பையைத் தோளில் சுமந்து, ஆறேழு கிலோமீட்டர் நடந்து, பந்து போன இடத்தைத் தேடித் தந்து, எந்த மட்டையால் அடிக்கலாம் என்று யோசனையும் சொல்கிறவன். இளைய மகனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஒன்று ஸ்காட்லாந்துக்குப் போய், ஏவல் செய்யும் ஆளுக்குப் பெயராகி, பிறகு இப்படிக் கேடி ஆயிற்று என்பார்கள். நம் தெருவுக்கு வந்ததும் அது வசவாகிவிட்டது!

கோல்ஃப் நமக்குத் தூரத்து விஷயமும் அல்ல. சேஷாத்ரிபுரத்தைத் தாண்டினால் 1876-ல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப். ஆனால் நம்மில் பலர் புல்தரையை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தவர்கள்தாம். ஆடுகிறவரைப் 'பணக்காரர், பொழுது போகவில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். அதுவும் நியாயமில்லை. ஆடிப் பார்த்தவருக்குத்தான் அந்தச் சிறு பந்து படுத்தும் பாடு தெரியும்.

எனக்குள்ள வருத்தம் வேறு. ஆடுகிறவர் தம்மைக் 'கோல்ஃபர்' என்கிறார். 'என் ஹேண்டிகேப் 14' என்று பெருமையாகச் சொல்கிறார். (நம் தெருவில் அப்படிச் சொன்னால் பஸ் பாஸுக்கு மனு எழுதித் தருவார்கள்!) பை சுமக்கிறவன் வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் அனுமதியில் ஆடி, அவரைவிட நன்றாக அடித்தாலும் அவன் கேடிதான். கோல்ஃபர் என்று அவனை யாரும் சொல்வதில்லை. அவனும் தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை.

இது இங்கே மட்டும் இருந்த நோய் அல்ல. இங்கிலாந்தில் பணத்துக்காக ஆடுகிறவரைக் கிளப் கட்டடத்துக்குள் விடாத காலம் இருந்தது. 1920-ல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்கு வந்த அமெரிக்க வீரர் வால்டர் ஹேகன், வாடகைக்குப் பெரிய காரை அமர்த்திக் கிளப் வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றினார்!

நம் நாட்டுக் கதையைப் பாருங்கள். 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 1993-லும் வென்றார். 2009-ல் அதே பட்டத்தை வென்றவர் நம் பெங்களூர்க்காரர், முன்னாள் கேடி சின்னசாமி முனியப்பா. பெயரைக் கேட்டாலே நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இல்லையா? 2016, 2017 இரண்டு ஆண்டும் வென்ற சௌராசியாவின் தந்தை கல்கத்தா கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். உறுப்பினர் அட்டை இல்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் இவர்கள். இன்றும் செய்தியில் 'முன்னாள் கேடி' என்ற அடைமொழி அவர்களை விடுவதில்லை. நானே இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஊர்ப் பெண் அதிதி அசோக் நான்காவது இடம் பெற்றார். ஒரு படியில் பதக்கம் தவறியது. அவருக்குப் பை சுமந்த கேடி யார்? அவருடைய அம்மா. தொலைக்காட்சியில் பார்த்து எல்லோரும் உருகினோம். அன்று அந்தச் சொல் நமக்கு இழிவாகப் படவில்லை.

இப்போது நம்மவர் பிள்ளைகளும் கம்பெனிகளில் உயர்ந்து கிளப் உறுப்பினர்களாகிறார்கள். மகிழ்ச்சிதான். அவர்களிடம் ஒன்று கேட்பேன்: உன் பையைச் சுமக்கிறவர் பெயர் என்ன, தம்பி? 'ஏ கேடி' என்று கூப்பிடுகிறாயா, பெயர் சொல்லியா?

அந்தப் பையனுக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. பத்திரிகையைப் பார்த்தேன். மணப்பெண் பெயருக்குப் பின்னால் படிப்புப் போட்டிருந்தது. அவன் பெயருக்குப் பின்னால் ஒன்றுமே போடவில்லை.