பலெர்மோவில் அம்மாவுக்குப் பசித்தது

போன வாரம் காலை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் ஒரு நேயரின் குரல்பதிவு காத்திருந்தது. "ஜூன் விடுமுறைக்குச் சிசிலி போறோம். மாமியாரும் வர்றாங்க, சுத்த சைவம். எங்க சாப்பிடறது? பேசாம ரைஸ் குக்கரைத் தூக்கிட்டுப் போயிடவா?"

வேண்டாம். தூக்கிக்கொண்டு போனவள் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவைச் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவுக்கு அழைத்துப் போனேன். அப்பா தவறிய பிறகு அம்மா தனக்கென்று அடுப்பு மூட்டுவதையே விட்டிருந்தார். வேலை முடிந்து போனால், காலையில் நான் வாங்கி வைத்த ரொட்டி மேசையில் அப்படியே இருக்கும். கேட்டால் "பசிக்கல" என்பார். இடம் மாறினால் பசிக்கும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். நம்பினேன்.

முதல் நாள் நடந்த தவறு முழுக்க என்னுடையது. பலெர்மோவுக்குப் பக்கத்தில் மொண்டெல்லோ என்று அழகான கடற்கரை. கடலைப் பார்த்தபடி ஓர் உணவகம், வாசலிலேயே உணவின் படங்கள் போட்ட பலகை. அம்மாவுக்கு வந்த சாலட்டின் நடுவில் தூனா மீன் உட்கார்ந்திருந்தது. தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, "நீ சாப்பிடும்மா" என்றார். நான் கேட்ட மீனுக்குப் பட்டியலில் 8 யூரோ. பில்லில் 56. மேலாளர் பொறுமையாகப் பட்டியலைக் காட்டினார்: விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'எத்தோ'. அப்படியென்றால் 100 கிராம். என் மீன் 700 கிராம். இதற்குமேல் 'கொப்பெர்த்தோ' வேறு, மேசையில் உட்கார்ந்ததற்குத் தலைக்கு ஒரு கட்டணம். இத்தாலியில் பல இடங்களில் உள்ள வழக்கம்தான், ஆனாலும் அன்றைக்கு வலித்தது. இரவு அறையில் அம்மா கிரீம் கிராக்கர் நான்கைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் பல்லரோ சந்தைக்குப் போனோம். பழைய நகரத்துக்குள், குவாத்ரோ காந்தி நாற்சந்தியிலிருந்து நடக்கும் தூரம். நம் தேக்கா சந்தையைத் தெருவில் நீளமாக விரித்துப் போட்டமாதிரி இருக்கும். கூச்சலும் அதே கூச்சல். கத்தரிக்காய்க் குவியல் முன்னால் அம்மா நின்றார். பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். "நீங்கள் சிங்கப்பூரோ?"

யாழ்ப்பாணத்துக்காரர். பலெர்மோவில் இலங்கைத் தமிழர் நிறையப் பேர் பல வருடங்களாக வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலையில் ஏறி, குகைக்கோயிலில் இருக்கும் புனித ரோசாலியாவிடம் வேண்டிக்கொள்ளும் இந்துக்களும் அவர்களில் உண்டு. 1624இல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்று பலெர்மோக்காரர்கள் கொண்டாடும் புனிதர் அவர். அம்மா சைவம், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னேன். எங்களை நேரே ஒரு பொரிக்கும் கடைக்குக் கூட்டிப்போய்விட்டார்.

"ஓம் அம்மா, இதில மாமிசம் ஒண்டும் இல்லை. கொண்டைக்கடலை மாதான். பயப்பிடாமச் சாப்பிடுங்கோ."

அதன் பெயர் பனெல்லே. மாவைத் தண்ணீரும் உப்பும் விட்டுக் களியாகக் கிண்டி, பார்ஸ்லி தூவி, மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, துண்டு போட்டு எண்ணெயில் பொரிக்கிறார்கள். எள் தூவிய பன்னுக்குள் ஐந்தாறு துண்டுகளை அடைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். 3 யூரோகூட ஆகவில்லை. அரபியர் ஆண்ட காலத்திலிருந்து வந்தது என்பார்கள். 831இலிருந்து 1072 வரை பலெர்மோ அவர்கள் கையில்தான் இருந்தது.

அம்மா நின்றுகொண்டே முழுசையும் சாப்பிட்டார். பிறகு கடைக்காரரிடம் கையைச் சுழற்றிக் காட்டினார்: எவ்வளவு நேரம் கிண்டவேண்டும்? அவர் இத்தாலியனில், இவர் தமிழில், நடுவில் யாழ்ப்பாணத்துக்காரர் மொழிபெயர்ப்பு. மாவு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, கை ஓயக்கூடாது. கொஞ்ச நேரம் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே நேயரே, பலெர்மோவில் மேசைவிரிப்பைத் தேடாதீர்கள். பல்லரோ, காப்போ சந்தைகளில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும் கடை முன்னால் நில்லுங்கள். உள்ளூர்க்காரர் வரிசை இருந்தால் இன்னும் நல்லது. உருளைக்கிழங்கை மசித்துப் பொரித்த குரோக்கே மாமியாருக்குப் பிடிக்கும். சில கடைகளில் அதே எண்ணெயில் மீனும் பொரிப்பார்கள், கண்டிப்பானவர் என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அரஞ்சீனா என்ற பெரிய சோற்று உருண்டையில் கவனம் தேவை. 'கார்னே' என்றால் இறைச்சி. 'புர்ரோ', அதாவது வெண்ணெய், என்று பெயர் வைத்திருப்பதற்குள்ளும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கீரை வைத்ததைக் கேளுங்கள். ஸ்ஃபிஞ்சோனே, பார்க்கத் தடித்த பீட்சா மாதிரி அப்பாவியாக இருக்கும், உள்ளே நெத்திலி. 'மெயூசா' என்று எழுதியிருந்தால் அது மாட்டின் மண்ணீரல். ஊரே கொண்டாடும் பண்டம்தான், நமக்குச் சரிப்படாது.

உட்கார்ந்து சாப்பிட ஆசையென்றால் சந்தையை ஒட்டிய சின்ன உணவகங்களில் கப்பொனாத்தா கேளுங்கள். கத்தரிக்காய், செலரி, ஆலிவ் சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்வது. நம் கத்தரிக்காய்த் தொக்குக்குத் தூரத்துச் சொந்தம். கத்தானியா பக்கம் போனால் பாஸ்தா அல்லா நோர்மா. அதுவும் கத்தரிக்காய்தான். ஒரு விஷயம்: மதியம் மூன்று மணிக்குமேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு ஏழரைக்குமுன் மூட்டமாட்டார்கள். நம் உணவங்காடி நிலையத்தை நினைத்துக்கொண்டு நான்கு மணிக்குப் போய் நின்றால் கதவைத்தான் பார்க்கலாம். அந்த நேரத்துக்குப் பாதாம் கிரானித்தா இருக்கிறது. கவுண்டரிலேயே நின்று சாப்பிடுங்கள், மேசைக்குப் போனால் விலை ஏறும்.

திரும்பி வந்த மறுவாரம் ஒரு மாலை ஈசூன் வீட்டுக் கதவைத் திறந்தபோது எண்ணெய் வாசம். தேக்காவில் கடலை மாவு வாங்கியிருக்கிறார். முதல் தடவை சரியாக ஆறவிடாததால் துண்டெல்லாம் வாணலியில் பிரிந்துபோயிருந்தது. இரண்டாவது தட்டு ஆறிக்கொண்டிருந்தது. பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி, கூடவே பச்சை மிளகாய்.

"அவங்க காரமே போடல, பாவம்" என்றார் அம்மா.