கடைவீதிக்கு வழி கேட்டவர்

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிள்ளை. ஐவேளைத் தொழுகையாளி. நமது கூட்டங்களுக்கு இரவெல்லாம் கண்விழித்துப் போஸ்டர் ஒட்டுகிறவர். செல்போன் உதிரிபாகக் கடை வைக்க 5 லட்சம் தேவை, அதற்கு ஏற்பாடாகிவிட்டது, நிக்காஹை மட்டும் நாம் முன்னின்று முடித்துத் தர வேண்டும் என்றார். பணம் எங்கிருந்து என்று கேட்டோம்.

"பொண்ணு வீட்ல தர்றாங்க ஹஜ்ரத். கைக்கூலி இல்ல. கடைக்கு முதல் போடறாங்க. லாபம் வந்தா அவங்க புள்ளதானே சாப்பிடப் போகுது?"

அந்தத் தம்பியைக் கோபித்துப் பயனில்லை. ஒரு காலத்தில் சில ஊர்களில் கைக்கூலி ஜமாஅத் தஃப்தரிலேயே பதிவாகி, அதில் பள்ளிவாசலுக்கும் ஒரு பங்கு போன வெட்கக்கேடு உண்டு. மேடைதோறும் எதிர்த்துப் பேசியதில் பெயருக்கு மட்டும் வெட்கம் வந்துவிட்டது. அதனால் இன்று 'அன்பளிப்பு' என்றும் 'முதல்' என்றும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதே பணம் வருகிறது. முதல் போடுகிறார்கள் என்றால் பங்குப் பத்திரம் எங்கே, வருடக் கடைசியில் மாமனார் கணக்குக் கேட்கலாமா என்றோம். தம்பி சிரித்துவிட்டார். சிரிப்பிலேயே பதில் இருந்தது.

வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாத ஒரு வியாபாரியின் வாழ்க்கையை அன்று அவருக்குச் சொல்லத் தொடங்கினோம். மீதியை இங்கே எழுதுகிறோம். கடைவீதிச் சகோதரர்களும் படிக்க வேண்டும்.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) மக்காவில் வியாபாரம் செய்து பழகியவர். இஸ்லாத்தை ஏற்ற முதல் சிலரில் ஒருவர். 622-இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது வெறுங்கையோடு வந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரை ஸஅத் பின் ரபீஃ (ரலி) என்ற அன்ஸாரித் தோழருக்குச் சகோதரராக்கினார்கள். ஸஅத் மதீனாவின் செல்வர்களில் ஒருவர். சொத்தில் சரிபாதியைத் தருகிறேன் என்றார். வாய்வார்த்தையாக அல்ல, மனதாரச் சொன்னார்.

மறுத்தார் அப்துர் ரஹ்மான் (ரலி). உங்கள் குடும்பத்திலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு மட்டும் வழி கேட்டார். பனூ கைனுகா கடைவீதியைக் காட்டினார்கள். அன்று திரும்பும்போது கையில் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் நெய்யும் இருந்தன. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார்.

சிறிது காலம் கழித்து அவருடைய ஆடையில் மஞ்சள் நிற நறுமணக் கறையைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் என்ன விஷயம் என்று விசாரிக்கிறார்கள். ஓர் அன்ஸாரிப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டேன் என்கிறார். மஹர் எவ்வளவு? ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா விருந்து கொடுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள்.

ஊரின் தலைவர், உலகத்தின் ரஹ்மத், கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு தோழரின் திருமணம் நடந்ததே அவர்களுக்குப் பிறகுதான் தெரிகிறது! ஏன் சொல்லவில்லை என்று கோபிக்கவும் இல்லை. நம் ஊரில் தலைவரின் பெயர் பத்திரிகையில் ஒரு வரி கீழே போனாலே இரண்டு மஹல்லாக்கள் பிரிந்துவிடும். அது இருக்கட்டும். இங்கே நாம் பார்க்க வேண்டியது, பணம் எந்தத் திசையில் போனது என்பது. பாலாடைக்கட்டி விற்றுச் சேர்த்த காசு மாப்பிள்ளையின் கையிலிருந்து மணப்பெண்ணின் கைக்குப் போனது.

பாதிச் சொத்தைத் தர முன்வந்த ஸஅதின் கதையையும் நாம் மறந்துவிடக் கூடாது. உஹதுப் போரில் அவர் ஷஹீதானார். அவருடைய பொருளை முழுவதும் அவர் சகோதரர் எடுத்துக்கொண்டார். மனைவி இரண்டு பெண்குழந்தைகளை அழைத்துக்கொண்டு நபியவர்களிடம் வந்து முறையிட்டார். அப்போதுதான் வாரிசுரிமை வசனம் இறங்கியது. மூன்றில் இரண்டு பங்கு மகள்களுக்கு, எட்டில் ஒரு பங்கு மனைவிக்கு, மிச்சம்தான் சகோதரருக்கு என்று தீர்ப்பானது. இன்று கல்யாணத்தன்று லட்சங்களை எண்ணிக் கொடுக்கும் எத்தனை வாப்பாமார்களின் மவுத்துக்குப் பிறகு, அதே மகளுக்குச் சேர வேண்டிய ஃபர்ளான பங்கை அண்ணன் தம்பிகள் கொடுக்கிறார்கள்? கல்யாணத்தில்தான் செய்தோமே என்கிறார்கள். அல்லாஹ் விதித்ததை விட்டுவிட்டு ஊர் விதித்ததைக் கொடுத்துவிட்டுச் சொல்லும் கணக்கு இது.

வியாபாரத்தில் அவர் எப்படி இருந்தார்? புகாரியில் பதிவான ஒரு சம்பவத்தை வியாபாரிகள் கவனிக்க வேண்டும். மக்காவில் உள்ள தமது பொருளை உமய்யா பின் கலஃப் பார்த்துக்கொள்வது, மதீனாவில் உமய்யாவின் பொருளைத் தாம் பார்த்துக்கொள்வது என்று இருவரும் எழுதிக் கொண்டார்கள். உமய்யா யார்? பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் கிடத்தி வதைத்தவன். ரஹ்மானை எனக்குத் தெரியாது, உன் பழைய பெயரைப் போடு என்று ஒப்பந்தத்திலேயே குறும்பு செய்தவன். பத்ரில் அவன் சிக்கியபோது, அப்துர் ரஹ்மான் (ரலி) அவனைக் காப்பாற்ற முயன்றார். பிலாலும் அன்ஸார்களும் நெருங்கிவிட்டார்கள். அவனைக் கீழே படுக்கச் சொல்லித் தம் உடலால் மூடினார். அப்படியும் முடியவில்லை. வாள்கள் அடியில் பாய்ந்து அவனை வீழ்த்தின. ஒரு வாள் இவருடைய காலையும் வெட்டியது. பாதத்தின் மேற்புறத்தில் இருந்த அந்தத் தழும்பைப் பிற்காலத்தில் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவார். பிலாலின் நியாயம் பெரிது, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்த வார்த்தைக்காகத் தழும்பு வாங்கிய வியாபாரி இவர். செக் திரும்பி வந்தால் போனை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும்.

செல்வம் பிறகு குவிந்தது. அவர் செல்வர் என்பதால் சொர்க்கத்துக்குத் தவழ்ந்துதான் போவார் என்று ஒரு செய்தியை மிம்பர்களில் இன்னும் சொல்கிறார்கள். ஹதீஸ் அறிஞர்கள் தள்ளிய செய்தி அது. இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்திருக்கிறார். சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவரைத் தவழ விடுவானேன்? ஏழ்மையை மட்டும் இறையச்சம் என்று இளைஞர்களுக்குப் போதித்துவிட்டு, பிறகு சமுதாயம் பின்தங்கிவிட்டது என்று நாமே புலம்புகிறோம்.

அவருடைய அச்சம் வேறு வகையானது. ஒரு நாள் நோன்பு திறக்க உணவு வந்தது. உஹதில் ஷஹீதான முஸ்அப் (ரலி) ஞாபகம் வந்துவிட்டது. தலையை மூடினால் கால் தெரியும், காலை மூடினால் தலை தெரியும் என்ற அளவுக்கு ஒரே ஒரு துணி கஃபனாகக் கிடைத்தவர் முஸ்அப். நம் நன்மைகளுக்கான கூலி இம்மையிலேயே தரப்பட்டுவிட்டதோ என்று அழுதார். உணவு அப்படியே இருந்தது.

உம்மு குல்தூம் பின்த் உக்பா (ரலி) அவர்களை அவர் மணந்தது தனியே சொல்ல வேண்டியது. ஹுதைபிய்யாவுக்குப் பிறகு குடும்பத்தை விட்டு மக்காவிலிருந்து தனியாகக் கிளம்பி வந்த வீராங்கனை. ஒரு கணவர் ஷஹீதாகி, இன்னொரு கணவரிடம் தலாக் ஆனவர். அவர்களை மனைவியாக்கிக் கொண்டார் மதீனாவின் பெரும் வியாபாரி. அந்தப் பிள்ளைகளான இப்ராஹீமும் ஹுமைதும், இன்னொரு மனைவியின் மகனான அபூ ஸலமாவும் ஹதீஸ் கலையின் தூண்களானார்கள். வாப்பாவின் கடைக்கணக்கை விட வாப்பாவின் அறிவிப்புகள்தாம் அவர்கள் வழியே நமக்கு வந்திருக்கின்றன. ஹிஜ்ரி 32-இல் வஃபாத்தாகி ஜன்னத்துல் பகீயில் அடக்கமானபோது, பத்ரில் கலந்துகொண்டு உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 400 தீனார் வஸிய்யத் செய்திருந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இளைஞர்களை மட்டும் குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை. அப்துர் ரஹ்மான் வழி கேட்டபோது காட்ட ஆளிருந்தது. இன்று வழி கேட்கிற பையனுக்கு நம் கடைவீதி எதைக் காட்டுகிறது? ரன்வட்டிக்காரனையா? ரமளானில் ஜகாத்தை நூறு நூறு ரூபாயாகப் பிரித்து வெயிலில் வரிசை நிற்க வைக்கும் முதலாளிகள், ஒரே ஒரு பையனுக்குத் தவணைக்குச் சரக்கு கொடுத்து நம்பிப் பார்க்கக் கூடாதா? வரவு செலவு எழுதவும், கொள்முதலுக்கு எந்த மண்டிக்குப் போவது என்று காட்டவும் என்ன செலவாகிவிடும்?

இரண்டு வியாபாரிகளிடம் கேட்டோம். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னொருவர் 60 ஆயிரத்துக்குச் சரக்கு, 3 மாதத் தவணை, வட்டி பேச்சே கிடையாது என்று ஒப்புக்கொண்டார். 5 லட்சத்துக்குக் கண்ணாடி போட்ட கடை வராது, தள்ளுவண்டியில் பஸ் நிலையத்துக்கு எதிரேதான் ஆரம்பிக்க முடியும். தம்பியிடம் சொல்லிவிட்டோம். உம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.