குறும்படக்காரர்களும் நமது கடமையும்

நமது நாட்டில் இன்று சினிமாப் படம் எடுக்கத் துணிந்த வாலிபர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். முன்னெல்லாம் படம் எடுப்பதென்பது லட்சாதிபதிகளுக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கும் மாத்திரமே உரிய காரியமாயிருந்தது. இப்போதோ சட்டைப் பையில் இருக்கும் செல்போனே கேமராவாகிவிட்டது. கல்லூரி மாணவனும், மெக்கானிக் கடைப் பையனும், பனியன் கம்பெனித் தொழிலாளியும் பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ ஓடக்கூடிய குறும்படங்களை எடுத்து, யூடியூபில் போட்டு உலகத்துக்குக் காட்டிவிடுகிறார்கள்.

இதைக் கண்டு பெரியவர்களில் சிலர், “பிள்ளை கெட்டுப் போனான்” என்கிறார்கள். வேறு சிலரோ, “நாளைக்குப் பெரிய டைரக்டர் ஆகிவிடுவான், காரும் பங்களாவும் வரும்” என்று பூரித்துப் போகிறார்கள். முதல் கூட்டத்தார் குறும்படத்தை உதவாத வேலை என்று நினைக்கிறார்கள். இரண்டாவது கூட்டத்தார் அதைப் பணக்காரன் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டு என்று நினைக்கிறார்கள். இரண்டும் தப்பு என்பதே நமது அபிப்பிராயம். யாருடைய தயவையும் எதிர்பாராமல் தன் மனதிற்பட்டதைச் சொல்ல ஒரு ஏழைக்குக் கிடைத்திருக்கும் சாதனம் அது. அந்தச் சாதனத்தை அவன் எப்படி உபயோகிக்கிறான், அவனுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பவைதான் இங்கு யோசிக்க வேண்டிய விஷயங்கள்.

முதலாவது, சினிமா என்பதே குறும்படமாகத்தான் பிறந்தது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1895-ம் வருஷம் டிசம்பர் மாதம் 28-ந் தேதி பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷ அளவே ஓடியது. அவற்றில் ஒன்று, ஆலைத் தொழிலாளிகள் வேலை முடிந்து வாசலைக் கடந்து வெளியே வருகின்ற காட்சி. அதாவது உலகத்து ஜனங்கள் முதன்முதல் திரையில் பார்த்தவர்களில் உழைக்கிற ஆண்களும் பெண்களும் இருந்தார்கள்.

நம்முடைய பக்கத்திலும் சினிமா வந்தது ராஜா மாளிகை வழியாக அல்ல. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து வந்த கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். அதற்குப் பிறகல்லவா ஸ்டூடியோவும், நட்சத்திரங்களும், வட்டிக்குப் பணம் கொடுப்பவர்களும் வந்தார்கள்?

பணம் பெருகப் பெருகப் படத்துக்குப் பயமும் பெருகிற்று. கோடிக்கணக்கில் கடன் வாங்கிப் படம் எடுக்கிறவன் யாருடைய மனதையும் நோகச் செய்ய முடியாது. பக்தனையும் கோபப்படுத்தக் கூடாது, ஜாதிக்காரனையும் கோபப்படுத்தக் கூடாது, ஆளுகிறவனையும் கோபப்படுத்தக் கூடாது. எல்லோரையும் திருப்தி செய்து போட்ட பணத்தை எடுக்கவேண்டியவன் உண்மையைச் சொல்லுவான் என்று எதிர்பார்ப்பது, கடைக்காரனே தன் சரக்கு சொத்தை என்று சொல்லுவான் என்று எதிர்பார்ப்பதை ஒக்கும்.

குறும்படக்காரனுக்கோ இந்தத் தொல்லை இல்லை. அவன் போடுகிற முதல் தன் கைக்காசும் நாலு சிநேகிதர்கள் கொடுத்ததுமேயாகும். நஷ்டம் வந்தால் ஒரு மாதச் சம்பளம் போகும்; குடி முழுகாது. கடன்காரன் இல்லாதவன் வாயை யார் அடைக்க முடியும்? ஆகவே ஏழ்மையே இங்கு ஒரு சுதந்திரமாக இருக்கிறது.

இந்தச் சுதந்திரத்தை நன்றாக உபயோகித்தவர்களும் இல்லாமலில்லை. போட்டோ எடுத்தால் ஆள் செத்துப் போவான் என்று நம்பும் ஒரு கிராமத்தைப் பற்றி ராம்குமார் என்பவர் ‘முண்டாசுப்பட்டி’ என்று ஒரு குறும்படம் எடுத்தார். அது 2014-ல் அதே பெயரில் பெரிய படமாகவும் வந்தது. சிரிக்கச் சிரிக்க ஒரு மூடநம்பிக்கையை நிர்வாணமாக்கிய அந்தக் கதை முதலில் சிறு படமாகத்தான் தலை காட்டிற்று. குறும்படத்துக்கு உடன்பிறப்பான ஆவணப்படத்தையும் பாருங்கள். மனிதன் மலத்தை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டம் போட்ட பிறகும் அந்தக் கொடுமை நம் கண்ணெதிரே நடப்பதை, 2017-ல் திவ்யபாரதி என்ற பெண்மணி ‘கக்கூஸ்’ என்ற படத்தில் எடுத்துக் காட்டினார். இந்த விஷயத்துக்குப் பணம் போட எந்தப் பெரிய முதலாளி வருவான்?

நிற்க. நமது வாலிபர்களிடத்தில் நாம் காணும் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டியது நமது கடமையாகும்.

2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ என்ற குறும்படப் போட்டி ஆரம்பமாயிற்று. அதில் பேர் வாங்கிய கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் ‘பீட்சா’ எடுத்தார். நலன் குமாரசாமி 2013-ல் ‘சூது கவ்வும்’ எடுத்தார். பாலாஜி மோகன் தமது குறும்படமாகிய ‘காதலில் சொதப்புவது எப்படி’ என்பதையே 2012-ல் பெரிய படமாக்கினார். யாருடைய சிபார்சும் வாரிசுரிமையும் இல்லாமல் கெட்டிக்காரத்தனத்தினாலேயே இவர்கள் உள்ளே போனார்கள் என்பதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் இதன் பலன் என்னவாயிற்று என்றால், அதற்குப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான வாலிபர்கள், குறும்படம் என்பது தயாரிப்பாளரிடம் நீட்டுகின்ற விசிட்டிங் கார்டு தவிர வேறில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். கார்டு நீட்டுகிறவன் எதிரிலிருப்பவனுக்குப் பிடித்ததைத்தானே அதில் அச்சடிப்பான்? அதனால்தான் கையில் சுதந்திரமிருந்தும் பெரிய படத்திலுள்ள குப்பைகளையே சின்ன அளவில் எடுக்கிறார்கள். அதே கத்திக் குத்து, அதே குடிகாரன் வேடிக்கை, காதலிக்க மறுத்த பெண்ணைத் திட்டுகிற அதே வசனம், கடைசி நிமிஷத்தில் அதே திடுக்கிடும் திருப்பம். கோடி ரூபாய் போட்டவன் பயந்து செய்வதை, ஒன்றும் போடாத நீ ஏன் செய்கிறாய் என்று கேட்கின்றோம்.

மற்றொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். செல்போனில் படம் எடுக்கிறவனும், முதல் நாள் அந்தச் செல்போனுக்குப் பொட்டு வைத்து, சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான்! லென்ஸ் வேலை செய்வது வெளிச்சத்தினாலா, எலுமிச்சம்பழத்தினாலா? அந்தப் பழத்தைப் பிழிந்து வெயிலில் விளக்குப் பிடித்து நிற்கிற தோழனுக்குக் கொடுத்தாலாவது பிரயோஜனமுண்டு. அந்தத் தோழனுடைய சங்கதியும் ஒரு சங்கதிதான். சம்பளமில்லாமல் பத்துப் பேர் உழைத்திருக்க, படம் முடிந்தவுடன் டைரக்டர் பெயர் மாத்திரம் யானை அளவுக்கு வருகிறது. முதலாளித்தனத்தை எதிர்த்துப் படம் எடுப்பவன் தன் கூட்டாளிகளிடத்தில் சின்ன முதலாளியாக நடந்துகொண்டால் அந்தப் படத்துக்கு என்ன மரியாதை?

இனி, சர்க்காருடைய யோக்கியதையைப் பார்ப்போம். பொது இடத்தில் காட்டும் படத்துக்கு 1952-ம் வருஷத்திய சினிமாச் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு செலவுக் கணக்கு. சிறியவனுக்கோ இது மலை. கே.ஏ. அப்பாஸ் என்பவர் பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் பணக்காரர் வாழ்வையும் ஏழை வாழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி ஒரு சிறு படம் எடுத்தார். அதை வெட்டச் சொன்னதை எதிர்த்து அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். வழக்கு நடக்கும்போதே சர்க்கார் வெட்டில்லாமல் சான்று கொடுக்க இசைந்துவிட்டது. ஆனால் 1970-ல் வந்த தீர்ப்போ, படத்தை முன்கூட்டித் தணிக்கை செய்வது சட்டப்படி சரியே என்று முடிந்தது. தணிக்கைக்காரரின் முடிவின் மேல் சர்க்காரிடமே அப்பீல் செய்வதற்குப் பதில் ஒரு தனி மன்றம் வேண்டும் என்ற பேச்சு அந்த வழக்கில்தான் எழுந்தது. அப்படி 1983-ல் ஏற்பட்ட மன்றத்தையும் 2021-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஐகோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். கேமராவுக்கே வாடகை கொடுக்க முடியாதவன் ஐகோர்ட்டு வக்கீலுக்கு எங்கே போவான்?

விழாக்களுக்குச் சான்றிலிருந்து விலக்குக் கொடுக்கும் வழக்கமும் சர்க்காருடைய இஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. 2017-ல் கேரளத்து ஆவண, குறும்பட விழாவில் ரோகித் வெமுலாவைப் பற்றியும், காஷ்மீரத்தைப் பற்றியும், டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் கிளர்ச்சியைப் பற்றியும் எடுத்த மூன்று படங்களுக்கு மத்திய சர்க்கார் விலக்குத் தர மறுத்தது. அத்தனை படங்களில் இந்த மூன்றுக்கு மாத்திரம் ஏன் பயம்? மற்ற படங்கள் பிறரைப் பற்றிப் பேசின. இவை சர்க்காரைப் பற்றிப் பேசின என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, நம்மைப் பற்றி. குறும்படக்காரன் தவறுகிறான் என்றும், சர்க்கார் தடுக்கிறது என்றும் சொல்லிவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் நியாயமாகுமா? ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கில் டிக்கெட் வாங்கி, நட்சத்திரத்தின் கட்டவுட்டுக்குப் பாலும் ஊற்றுகிற நாம், நம் தெருப் பையன் எடுத்த படத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்திருக்கிறோமா? ஓசியில் பார்த்துவிட்டு, “சுமார்தான்” என்று சொல்லுவதோடு நமது கடமை தீர்ந்ததென்று இருக்கிறோம். நாம் காசு கொடுக்காத வரையில் அவன் காசுள்ளவனைத் தேடித்தான் போவான். அவன் விசிட்டிங் கார்டு அச்சடிப்பதற்கு நாமும் ஒரு காரணமல்லவா?

இதற்கு வழியில்லை என்று சொல்லுவதற்கில்லை. வழி காட்டியவர் ஒருவர் நமது பக்கத்திலேயே இருந்தார். அக்கிரகாரத்தில் ஒரு கழுதை வளர்ந்தால் என்னவாகும் என்பதை 1977-ல் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ என்ற தமிழ்ப் படமாக எடுத்த ஜான் ஆபிரகாமைத்தான் சொல்லுகின்றோம். அவரும் தோழர்களும் 1984-ல் மலையாள நாட்டில் ‘ஒடேசா’ என்ற கூட்டத்தை ஏற்படுத்தினார்கள். படம் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாய்ப் போய், சார்லி சாப்ளின் படத்தைக் காட்டித் துண்டை விரித்து வசூலித்தார்கள். ஜனங்கள் கொடுத்த அந்தச் சில்லறையைக் கொண்டே 1986-ல் ‘அம்ம அறியான்’ என்ற முழுப் படத்தையும் எடுத்தார்கள். அந்தப் படத்துக்குத் தயாரிப்பாளர் யாரென்றால் ஊர் ஜனங்களே.

நாற்பது வருஷத்துக்கு முன் கனத்த கருவியைச் சுமந்து அவர்கள் செய்ததை, இப்போது ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும் கருவியைக் கொண்டு நாம் செய்ய முடியாதா? நமது வாசகசாலைகளிலும், தொழிற்சங்க ஆபீசுகளிலும், கல்யாண மண்டபங்களிலும் மாதம் ஒரு மாலை ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி நாலு குறும்படம் காட்டலாம். ஊராரும் சேரியாரும் ஆணும் பெண்ணும் ஒரே பாயில் உட்காரக்கூடிய இடமாக அது இருக்கவேண்டும். உண்டியல் குலுக்கி வசூலிப்பதில் ஒரு பங்கு படம் எடுத்தவனுக்கும், ஒரு பங்கு அவனுடைய அடுத்த படத்துக்குச் சான்று வாங்கும் செலவுக்கும் போகட்டும். படம் முடிந்ததும் அவனை முன்னால் நிறுத்தி, “ஏன் இப்படி எடுத்தாய்?” என்று தாராளமாய்க் கேட்கட்டும். ஒரு கிழவி கேட்கிற கேள்வி, பத்துப் பத்திரிகை விமர்சனத்தைவிட அவனுக்கு அதிகப் புத்தி சொல்லும்.

வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றே. உங்கள் படம் சிறியது என்று வெட்கப்பட வேண்டாம். உங்கள் ஊர்க் குளத்தில் யார் இறங்கக் கூடாது, உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை கக்கூஸ் கழுவுகிறது, உங்கள் வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்பதைப் பெரிய படக்காரன் எடுக்கமாட்டான். எடுக்கவும் அவனுக்குத் தெரியாது. அதை நீங்கள் எடுங்கள். வாசகர்களுக்கும் நாம் சொல்லுவது ஒன்றே. அப்படி எடுத்துக்கொண்டு வருகிறவனுக்கு ஒரு வெள்ளை வேட்டியும், ஒரு மாலை நேரமும், பத்து ரூபாயும் கொடுங்கள். இதுகூடச் செய்யாமல், நல்ல படம் வரவில்லையே என்று குறை சொல்ல நமக்கு உரிமையில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.